வீட்டு நாயின் குடற்புழுவும் வீட்டுப் பிள்ளையின் நலமும்

வெளிறிய கண்ணிமையும் சோர்வுமாக வரும் பிள்ளையின் பெற்றோரிடம் உணவு, செருப்பு, கழிப்பறை எனப் பலவற்றை வினவுகிறோம். "வீட்டில் நாய் உண்டா? அதற்குப் புழு மருந்து கொடுத்து எத்தனை மாதமாயிற்று?" என்பதை மட்டும் பல வேளைகளில் கேட்க மறந்துவிடுகிறோம். அம்மறதி எங்களுடையது.

மனிதரின் கொக்கிப்புழு முட்டையும் நாயின் கொக்கிப்புழு முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே மலப் பரிசோதனை அறிக்கை 'கொக்கிப்புழு முட்டை உள்ளது' என்பதோடு நின்றுவிடும். எவ்வுயிரின் புழு என்பதை மரபணுச் சோதனையே பிரித்துக் காட்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைப் பழங்குடி ஊர்களில் மனித மலம், நாய் மலம், மண் ஆகிய மூன்றையும் இம்முறையில் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். மனிதரிடம் மிகுந்திருந்தது மனிதக் கொக்கிப்புழுவே. எனினும் சிலரது மாதிரிகளில் நாய்க்குரிய கொக்கிப்புழுவின் மரபணுவும் காணப்பட்டது. அப்புழு குடலில் தங்கி வாழ்ந்ததா, கடந்து சென்றதா என்பதை மரபணு மட்டும் கூறாது. ஆனால் இலங்கையின் பழம்பெயரைத் தாங்கிய 'அன்சைலோஸ்டோமா சிலானிக்கம்' என்னும் வகை நாய், பூனை, மனிதர் ஆகிய மூவரின் குடலிலும் முழு வளர்ச்சியுற்றுக் குருதி உறிஞ்ச வல்லது.

வேடசந்தூர்ச் சமவெளி ஜவ்வாது மலையன்று. இங்குள்ள வெயிலில் காய்ந்த மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் விரைவில் மடியும். ஆயினும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், குழாயடி ஈரத்திலும், மரநிழலில் கொட்டிய கட்டுமான மணலிலும் அவை பிழைத்திருக்கும். அம்மணற்குவியலில்தான் நாய்க்குட்டியும் உறங்குகிறது, பிள்ளையும் விளையாடுகிறது. வெறுங்காலில் நுழையும் நாய்ப்புழு தோலடியில் ஊர்ந்து, நெளிந்த கோடாக அரிப்பை உண்டாக்கும். அதைப் படர்தாமரை என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருப்போர் உண்டு.

நாயின் உருளைப்புழு வேறு வகையானது. தாய்நாயின் வயிற்றிலேயே அது குட்டிகளைத் தொற்றுகிறது. மலத்தோடு வெளிவரும் முட்டை அன்றே தீங்கு செய்வதில்லை. மண்ணில் இரண்டு, மூன்று வாரம் முதிர்ந்த பின்னரே தொற்றும். பின்பு மாதக்கணக்கில் அழியாது. மண் படிந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் கல்லீரலையோ, அரிதாகக் கண்ணின் விழித்திரையையோ இளம்புழு சென்றடையலாம். எனவே நாயைத் தொடுவதைவிட, அள்ளப்படாது கிடக்கும் மலமே அஞ்சத்தக்கது.

எவ்வட்டாரத்தில் எப்புழு மிகுதி என்பதை அறிய, அமெரிக்காவில் துணைவிலங்கு ஒட்டுண்ணிக் குழு என்னும் அமைப்பு ஆய்வகச் சோதனை முடிவுகளைத் திரட்டி, மாவட்டவாரியாக வரைபடம் வெளியிடுகிறது. அத்தகைய கணக்கில் ஒரு குறை உண்டு: மருத்துவரிடம் அழைத்து வரப்பட்ட விலங்குகளே அதில் அடங்கும். தெருவில் திரிந்து, இரவில் மட்டும் வாசலில் படுக்கும் நம் ஊர் நாய் எந்தக் கணக்கிலும் சேராது. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகள் அல்பெண்டசோல் பெறுகின்றனர். அம்மாத்திரை வாசலில் படுத்திருக்கும் நாயை எட்டுவதில்லை.

பூனையைக் குறித்துக் கருவுற்ற தாய்மார் அஞ்சுகின்றனர். டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியே அவ்வச்சத்திற்குக் காரணம். பூனை மலத்தில் வெளிவரும் அதன் முட்டைக்கூடுகள் தொற்றும் தன்மை பெற ஒன்று முதல் ஐந்து நாளாகும். ஆதலால் மலத்தை நாள்தோறும் வேறொருவர் அகற்றினால் போதும். பூனையைத் துரத்த வேண்டுவதில்லை. கழுவாத கீரையும் சரியாக வேகாத இறைச்சியும் அதே தொற்றைத் தரும் என்பதைப் பலர் அறியார்.

குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலேயே புழு நீக்க மருந்து தொடங்கப்படுகிறது. எட்டாம் வாரம் வரை இரு வாரத்திற்கொரு முறை தொடரும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்திற்கொரு முறை என்பது பொது வழக்கம்; அளவை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் கூறுவார். மனிதர் மாத்திரையை நாய்க்குக் கொடுக்க வேண்டா. அடுத்த முறை கால்நடை மருந்தகம் செல்கையில், அன்று காலை எடுத்த நாய் மலத்தைச் சிறு மூடிய புட்டியில் கொண்டு சென்று, முடிவைத் தாளில் எழுதி வாங்குக. பிள்ளையை எங்களிடம் அழைத்து வரும்போது அத்தாளையும் கொண்டு வருக. நாங்கள் கேட்க மறந்தாலும் எடுத்துக் காட்டுக.