பழைய புல்டோசர் பாதி வேலையில் நின்றால்: பழுதைக் கண்டறியும் முறைகள்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் சாமை முக்கியமான மானாவாரிப் பயிராகும். சரிவான நிலத்தைப் படிப்படியாகச் சமன் செய்து வரப்பு போட்டால்தான் பெய்யும் மழை நிலத்திலேயே தங்கும். மேல் மண்ணும் அடித்துச் செல்லப்படாது. இவ்வேலைக்கு வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர்களை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. தனியாரிடமும் இவை கிடைக்கின்றன.

வாடகைக்கு வரும் இயந்திரங்களில் பல, ஆண்டுக் கணக்கில் உழைத்தவை. 1964-ல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் டி-50, டி-80 வகை இயந்திரங்கள் நீண்ட காலமாக உழைத்து வருகின்றன. பழைய இயந்திரம் என்பதால் அது பயனற்றது ஆகிவிடாது. ஆனால் பழுது ஏற்பட்டால் அது எங்கே என்று விரைவில் கண்டறிய வேண்டும். மண்ணைக் கிளறிவிட்ட நிலையில் இயந்திரம் நின்று, அதற்குள் மழை வந்துவிட்டால், விவசாயி இழப்பது வாடகைப் பணம் மட்டுமல்ல. பல ஆண்டுகள் சேர்ந்த மேல் மண்ணும் போய்விடும்.

பழுது பார்ப்பது ஆபரேட்டர், மெக்கானிக் ஆகியோரின் வேலை. எனினும் என்ன கோளாறு என்பதை விவசாயியும் ஓரளவு தெரிந்திருந்தால், சரியான செய்தியைச் சொல்லி அனுப்பலாம். மலைக்கு மேலே வரும் மெக்கானிக் தேவையான உதிரி பாகத்துடன் ஒரே நடையில் வந்துவிடுவார்.

இஞ்சின் கிளம்பாவிட்டால்

முதலில் செல்ஃப் மோட்டார் இஞ்சினைச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பழுதைப் பிரித்தறிய இதுவே முதற்படி.

சுற்றவில்லை என்றால், அல்லது மெதுவாகச் சுற்றினால், மின்சாரப் பகுதியைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான புல்டோசர்களில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இணைக்கப்பட்டு 24 வோல்ட் மின்சாரம் தருகின்றன. முன் விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விளக்கு மிகவும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்தோ, எர்த் கம்பி தளர்ந்தோ இருக்கலாம். விளக்கு மங்காமல் எரிந்து, செல்ஃப் மோட்டார் அசையாமல் இருந்தால், சொலினாய்டு சுவிட்சிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ கோளாறு இருக்கக்கூடும். கியர் நியூட்ரலில் உள்ளதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பாதுகாப்பு சுவிட்ச் உள்ள இயந்திரங்கள் கியரில் இருந்தால் கிளம்பா.

நன்றாகச் சுற்றியும் கிளம்பாவிட்டால் புகைக் குழாயைக் கவனியுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் இஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை என்பது பொருள். வெண்புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை என்று அறியலாம். மார்கழி, தை மாதக் குளிர்ந்த காலைகளில் இது நேரும். சூடேற்றும் ஹீட்டர் பிளக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கக்கூடும்.

டீசல் போகாததற்குப் பல காரணங்கள் உண்டு. இயந்திரம் சரிவில் நிற்கும்போது, டாங்கில் டீசல் குறைவாக இருந்தால் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். குழாய் காற்றை இழுத்துக்கொள்ளும். டாங்கின் அடியில் தண்ணீரும் வண்டலும் சேர்ந்திருக்கலாம். வடிகட்டி அடைபட்டிருக்கலாம். டாங்க் அடி வடிகுழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, வடிகட்டியின் மேலுள்ள காற்று திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாத டீசல் வரும்வரை காற்றை நீக்க வேண்டும். பிறகு திருகை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

ஒரு முறை 15 முதல் 20 வினாடிகளுக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. இரண்டு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் முயல வேண்டும். இல்லையேல் செல்ஃப் மோட்டாரும் எரிந்துபோகும்.

இஞ்சின் ஓடுகிறது, இயந்திரம் நகரவில்லை

இஞ்சினின் சக்தி மெயின் கிளட்ச் அல்லது டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கியர் பெட்டிக்கும், அங்கிருந்து இருபுறமும் உள்ள ஸ்டியரிங் கிளட்சுகளுக்கும், பின்னர் ஃபைனல் டிரைவ் மூலம் சங்கிலிப் பட்டைக்கும் செல்கிறது. வாய்க்காலில் தண்ணீர் எந்த மடையில் நின்றுபோயிற்று என்று தேடுவது போலவே இதையும் வரிசையாகத் தேட வேண்டும்.

பிளேடு மண்ணில் இறங்கியதும் இஞ்சினே திணறி நின்றால் குறை இஞ்சினில்தான். டீசல், காற்று வடிகட்டிகளைப் பார்க்க வேண்டும். இஞ்சின் வேகம் குறையாமல் இரைந்துகொண்டிருக்க, இயந்திரம் மட்டும் நின்றுவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது கன்வெர்ட்டரில் எண்ணெய் அழுத்தம் போதவில்லை.

எல்லா கியரிலும், முன்னும் பின்னும் இழுக்கவில்லை என்றால் பொதுவான பகுதியில் பழுது. எண்ணெய் அளவையும் எண்ணெய் வடிகட்டியையும் முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் இழுக்கவில்லை என்றால் அந்தக் கியர் சார்ந்த பகுதியைப் பார்த்தால் போதும்.

இழுக்கும்போது இயந்திரம் வலப்புறமே ஒதுங்கினால் வலது ஸ்டியரிங் கிளட்ச் வழுக்கக்கூடும், அல்லது வலது பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். பிரேக் பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறினால் பிரேக்கே காரணம் என்று கொள்ளலாம். நெம்புகோலை இழுத்தும் திரும்பவில்லை என்றால் கிளட்ச் விடுபடவில்லை. எண்ணெயில் மூழ்காத பழைய வகைக் கிளட்சுகள், மழைக்காலத்தில் பல மாதங்கள் ஓடாமல் நின்றால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதுண்டு.

ஃபைனல் டிரைவ் எண்ணெயில் உலோகத் துகள் மின்னினால் இயந்திரத்தை மேலும் ஓட்டக் கூடாது. ஒரு சிறு பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு பல்சக்கரம் வரை போய்விடும். பட்டை அளவுக்கு மீறி இறுகினாலும், அதில் சேறு அடைத்தாலும் சக்தி வீணாகும்.

உயிருக்கு ஆபத்தானவை

ஸ்குரூ டிரைவரை வைத்து செல்ஃப் மோட்டார் முனைகளை இணைத்து, கீழே நின்றபடி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. கியரில் இருந்தால் இயந்திரம் அவர் மீதே ஏறிவிடும். எப்போதும் இருக்கையில் அமர்ந்தே கிளப்ப வேண்டும்.

ஹீட்டர் பிளக் உள்ள இஞ்சினில் ஈதர் தெளிக்கக் கூடாது, வெடிக்கும். பட்டையைத் தளர்த்தும் கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். முகத்தை அதன் எதிரே வைக்காதீர்கள். மிகுந்த அழுத்தத்தில் உள்ள கிரீஸ் உடலைத் துளைக்கும். டார்க் கன்வெர்ட்டர் உள்ள இயந்திரத்தை இழுத்தோ சரிவில் உருட்டியோ ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது. அடியில் புகுமுன் பிளேடைத் தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, பட்டைக்குக் கல் அண்டை கொடுக்க வேண்டும்.

விவசாயி கவனிக்க வேண்டியவை

இஞ்சின் ஓடும் வரை மணிமானியும் ஓடும். மண் நகர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. கிளட்ச் வழுக்கும் இயந்திரத்தில் வேலை குறைந்து, மணி மட்டும் கூடிக்கொண்டே போகும். ஆகவே வேலை தொடங்கும்போதும், நிற்கும்போதும், மீண்டும் தொடங்கும்போதும் மணிமானி அளவை ஆபரேட்டரும் விவசாயியும் சேர்ந்து குறித்துக்கொள்வது நல்லது. பின்னர் கணக்கில் தகராறு எழாது.

நிலம் முழுவதையும் ஒரே சமயத்தில் கிளறவிடாதீர்கள். மேல் மண்ணை ஒதுக்கி வைத்து, ஒரு படியைச் சமன் செய்து, வரப்புப் போட்டு, மேல் மண்ணைப் பரப்பிய பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். அப்போது இயந்திரம் எந்த நாளில் நின்றாலும், முடிந்த படிகளில் ஆடிக்குள் சாமை விதைத்துவிடலாம்.

கோடையிலேயே வேலையை முடிக்க விரும்புவோர் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும். இயந்திரம் வந்த அன்று காலை, பிளேடு மண்ணைத் தொடுமுன், எண்ணெய், டீசல், தண்ணீர், பட்டை ஆகிய நான்கையும் ஆபரேட்டருடன் சேர்ந்து பார்த்துவிட்டால், நடு வேலையில் நின்று தவிக்கும் நிலையைப் பெருமளவு தவிர்க்கலாம்.