நம்ம தோட்டத்துக்கும் பஸ் வரவேண்டும்

ரம்புக்கனை டவுனுக்குப் போய்விட்டால் கொழும்புக்கும் கண்டிக்கும் ரயில் இருக்கிறது. லயத்திலிருந்து டவுனுக்கு இறங்குவதுதான் நமக்குப் பெரும்பாடு. கிளினிக் நாளில் பிள்ளைத்தாய்ச்சி ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசும், மழை நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவதும் நமக்குத் தெரிந்ததே. "பஸ் விடச் சொல்லுங்க" என்கிறோம். யாரிடம் சொல்வது? இந்தப் பாடத்தில் அதைப் படிப்போம்.

1. றோட்டு

றோட்டு சரியில்லாத இடத்துக்கு எந்த டிரைவரும் வரமாட்டார். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவால், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செலவிட முடியாமல் இருந்தது. வோட்டுப் போட்டோம், றோட்டு கேட்டால் "அது தோட்டத்துக் காணி" என்ற பதில்தான். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தோட்டத்து றோட்டுக்கும் சபை செலவிடலாம். இது நமது உரிமை, மறக்கக் கூடாது.

2. பாதை அனுமதி

மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்குப் பாதை அனுமதி கொடுப்பது சப்ரகமுவ மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. அரசாங்க பஸ் என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் டிப்போவில் கேட்க வேண்டும்.

3. நட்டம்

"ஆள் காணாது, நட்டம்" என்பார்கள். அதற்கும் வழியுண்டு. வருமானம் குறைந்த கிராமப் பாதைகளில் ஓடும் பஸ்களுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு 'கெமி செரிய' திட்டத்தில் உதவுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 'சிசு செரிய' உண்டு.

சுற்றாடலுக்கும் நல்லது

ஓட்டோவில் 3 பேர்தான் ஏறலாம். 45 பேர் போக 15 ஓட்டோ. அல்லது ஒரே பஸ். எண்ணெய்ச் செலவும் புகையும் எதில் குறைவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். 2022இல் எண்ணெய் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாடு மறந்துபோகுமா? ஓட்டோக்காரத் தம்பிமாரின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. அவசரத்துக்கு அவர்கள் வேண்டும். அன்றாடப் பயணத்துக்குப் பஸ் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

குடும்பங்கள் எத்தனை, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, கிளினிக் நாள் எது, பெரட்டு எத்தனை மணிக்கு, பஸ் எந்த நேரம் வேண்டும் என்று கணக்கெடுப்போம். மாதர் சங்கமும் தலைவர்மாரும் கையெழுத்திட்டு, தமிழிலேயே கடிதம் எழுதுவோம். றோட்டைப் பற்றித் துரையோடும் பேசுவோம். கடிதத்தின் பிரதியில் சபையின் முத்திரையும் திகதியும் வாங்கி வைப்போம். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். முத்திரை குத்திய காகிதம் நிற்கும்.

பேசிப் பார்ப்போம்

• நமது றோட்டில் பஸ் திரும்ப இடம் எங்கே இருக்கிறது?
• கணக்கெடுக்க எந்த லயத்துக்கு யார் பொறுப்பு?