லைசென்ஸ் கணக்கு பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

ஓசூர் சிப்காட்டிலோ, பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளிலோ சிஸ்டம் அட்மினாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் போன்ற ஆலைகள் ஓசூரில் வேரூன்றின. அவற்றைச் சுற்றிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் டூல் ரூம்களும் பெருகின. பெரிய கம்பெனி எந்த மென்பொருளில் மாடல் அனுப்புகிறதோ, அதைத் திறக்கச் சின்னக் கம்பெனியும் பெரும்பாலும் அதே மென்பொருளை வாங்க வேண்டியிருக்கும். இப்படி வடிவமைக்கப் பயன்படும் கேட் (CAD) மென்பொருள் லட்சக் கணக்கில் விலை போகும் சரக்கு. அதனால் முதலாளி உங்களிடம் கேட்பார்: "பத்து லைசென்ஸ் இருக்கு. இன்னும் ரெண்டு வேணும்கிறாங்க. நிஜமாவே வேணுமா?" டிசைனர் சொல்வதையும் முதலாளி நினைப்பதையும் தள்ளி வைத்து, கணக்கு சொல்வதை மட்டும் சொல்லத் தெரிய வேண்டும். அதற்குச் சில வார்த்தைகள்.

1. முதலில் காகிதம், பிறகு கணினி.
பில், ஒப்பந்தம், வாங்கியபோது வந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். ஒவ்வொரு மென்பொருளும் எந்த வகை என்று எழுதுங்கள்: ஒரு கணினிக்கு மட்டுமா, பெயர் சொல்லி ஒருவருக்கு மட்டுமா, யார் வேண்டுமானாலும் முறைவைத்து எடுக்கும் ஃப்ளோட்டிங் வகையா? ஃப்ளோட்டிங் என்பது கம்பெனி பஸ் சீட் மாதிரி; ஏறியவர் உட்காரலாம், இறங்கினால்தான் அடுத்தவருக்கு இடம். டேலியில் சில்வர் ஒரு கணினிக்கு, கோல்டு ஒரே அலுவலக நெட்வொர்க்கில் பலருக்கு. வகை மாறுவதும் உண்டு. ஆட்டோடெஸ்க் 2020-ல் நெட்வொர்க் சந்தாக்களைக் கைவிட்டு, பெயருக்கு ஒன்று என்ற முறைக்கு மாறத் தொடங்கியது. பழைய கணக்கை வைத்துப் புதிய ஒப்பந்தத்தைப் படிக்காதீர்கள்.

2. மாநில எல்லையில், ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கமா, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமா?
ஆலை ஓசூரில், டிசைன் ஆபீஸ் எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் பொம்மசந்திராவில் என்று இருக்கும் கம்பெனிகள் உண்டு. வி.பி.என் போட்டால் நெட்வொர்க் ஒன்றாகிவிடும், காகிதம் ஒன்றாகாது. 33-ல் தொடங்கும் ஜி.எஸ்.டி எண் தமிழ்நாட்டுக்கு, 29 கர்நாடகத்துக்கு. பில் எந்த எண்ணில் போட்டிருக்கிறது, ஒப்பந்தத்தில் எந்த முகவரி இருக்கிறது, இன்னோர் இடத்திலிருந்து பயன்படுத்த அனுமதி உண்டா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்ன "பரவாயில்ல சார்" நாளைக்குச் செல்லாது.

3. லைசென்ஸ் சர்வரை நோண்ட விடாதீர்கள்.
பல பொறியியல் மென்பொருள்கள் ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் மேலாளரில்தான் ஓடுகின்றன. அதன் கோப்பு பெரும்பாலும் சர்வரின் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். நெட்வொர்க் கார்டு மாறினால் மொத்த டிசைன் செக்‌ஷனும் நின்றுவிடும். தேதியை முன்னே பின்னே நகர்த்தினாலும் சில மென்பொருள் முரண்டு பிடிக்கும். ஒவ்வொரு மென்பொருள் நிறுவனத்தின் லைசென்ஸையும் வழங்கும் வெண்டர் டீமனுக்கு ஒரு போர்ட்டை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் ஆகும்போது போர்ட் மாறி ஃபயர்வாலில் மாட்டும். லாக் கோப்பின் பாதைக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அப்போதுதான் கரண்ட் போய் வந்த பிறகும் பழைய பதிவின் கீழே புதியது சேரும். இல்லையேல் முந்தைய கணக்கு அழிந்துவிடும்.

4. சராசரி பேசினால் நம்பாதீர்கள்.
பத்து லைசென்ஸ், நாள் முழுக்கச் சராசரியாக நாலு பேர் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வீண் என்று முதலாளி சொல்வார். ஆனால் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பத்தும் நிறைந்து, இரண்டாம் ஷிஃப்ட்டில் ஒருவர்கூட இல்லாமல் போனாலும் சராசரி அதே நாலாகலாம். யார் எடுத்திருக்கிறார்கள் என்று காட்டும் ஃப்ளெக்ஸ்நெட்டின் எல்.எம்.ஸ்டாட் கட்டளையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடவிட்டு, மணிவாரியாக அட்டவணை போடுங்கள். ஒரு மாதமாவது பாருங்கள். புதிய மாடலுக்கான வேலை வந்த வாரமும் மாதக் கடைசியும் ஒன்றல்ல.

5. "கிடைக்கவில்லை" என்ற வரியை எண்ணத் தெரிய வேண்டும்.
லாக்கில் எடுத்தது, திருப்பியது, மறுக்கப்பட்டது என்று மூன்று வகை வரி இருக்கும். மறுப்பு இருபது என்றால் இருபது பேர் காத்திருந்தார்கள் என்று பொருள் இல்லை. அவசரத்தில் ஒருவரே ஐகானை ஏழெட்டு முறை தட்டியிருப்பார்; மென்பொருளே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கும். ஆள்வாரியாகச் சேர்த்து, எவ்வளவு நேரம் கழித்து அவருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். ஐந்து நிமிடக் காத்திருப்புக்கு லட்சங்கள் தேவையில்லை. தினமும் அரை மணி என்றால் வாங்கச் சொல்ல வேண்டியதுதான். இன்னொன்று, இந்த லாக்கில் ஒவ்வொரு வரியிலும் நேரம் மட்டும் இருக்கும். தேதி இடையிடையேதான் வரும். அதைக் கவனிக்காமல் அட்டவணை போட்டால் நாளே மாறிப்போகும்.

6. வாங்குமுன் விடுவியுங்கள்.
மென்பொருள் இடம் கொடுத்தால், சும்மா திறந்து கிடப்பவை குறிப்பிட்ட நேரத்தில் தானாகத் திரும்பும்படி அமையுங்கள். கஸ்டமர் ஆலைக்கு லேப்டாப்பில் கடன் எடுத்துப் போன லைசென்ஸ், முன்கூட்டியே திருப்பாவிட்டால் கெடு முடியும் வரை வராது. அதனால் கெடுவைச் சுருக்குங்கள். படத்தைப் பார்க்க மட்டும் வேண்டிய பர்ச்சேஸ்காரருக்கு இ-டிராயிங்ஸ் போன்ற இலவச வியூவர் போதும்.

7. இதை வருகைப் பதிவேடு ஆக்காதீர்கள்.
என்றாவது ஒருநாள் ஹெச்.ஆரிலிருந்து கேட்பார்கள்: "யார் எவ்வளவு நேரம் வேலை செஞ்சாங்கன்னு இதுல தெரியுமே?" தெரியாது. லைசென்ஸ் யார் கையில் இருந்தது என்று மட்டும்தான் தெரியும். நல்ல டிசைனர் பாதி நேரம் வெர்னியரோடு மெஷின் பக்கத்தில் நிற்பார். திரையைத் திறந்து வைத்துவிட்டுக் கேன்டீனில் இருப்பவர் லாக்கில் உழைப்பாளியாகத் தெரிவார். ஒருமுறை இதை ஆள் பிடிக்கும் கருவியாக்கிவிட்டால், மறுநாளிலிருந்து யாரும் லைசென்ஸைத் திருப்ப மாட்டார்கள். உங்கள் எண்கள் எல்லாம் பொய்யாகும். என்ன பதிவாகிறது, எதற்காக, எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

8. "ஃப்ரீ" என்றால் யாருக்கு ஃப்ரீ என்று கேளுங்கள்.
டீம்வியூவர், எனிடெஸ்க் இரண்டின் இலவசப் பதிப்பும் சொந்த உபயோகத்துக்குத்தான். ஆரக்கிள் ஜாவாவின் விதிகள் 2019-ல் மாறின. 2023-லிருந்து அதன் சந்தா, ஜாவாவைத் தொடுபவர் எத்தனை என்று பார்க்காமல் மொத்த ஊழியர் எண்ணிக்கையைப் பார்க்கிறது. ஒரே ஒரு கணினியில் யாரோ போட்டதும் சுமையாகலாம். லிப்ரே ஆபீஸ், ஃப்ரீகேட் போன்றவற்றை அலுவலகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

9. கிராக்குக்கு உடன்படாதீர்கள்.
பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி: திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பயன்பாடு லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ இல்லை என்றால் மட்டுமே நீதிமன்றம் சிறையைத் தவிர்க்க இடமுண்டு. ஆலைக்கு அந்த வாதம் நிற்காது. கம்பெனி செய்த குற்றத்துக்கு அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 69. கிராக்கோடு வைரஸ் வந்தால் போவது கஸ்டமரின் வரைபடம். "எல்லாரும் பண்றாங்க" என்று சொல்பவரிடம் இந்த இரண்டு பிரிவையும் எழுத்தில் கொடுங்கள்.

10. மென்பொருள் நிறுவனத்திடமிருந்து தணிக்கைக் கடிதம் வந்தால் அழிக்க ஓடாதீர்கள்.
அவசரமாக அன்இன்ஸ்டால் செய்தாலும் தடயம் மிஞ்சும். மறைத்தது தனிக் குற்றச்சாட்டாகலாம். கடிதம் உண்மையானதா என்று சரிபார்த்து, நிர்வாகத்தின் வழியாக எழுத்தில் மட்டும் பதில் கொடுங்கள். முதல் அறிவுரைப்படி கோப்பு வைத்திருப்பவருக்கு இது சில நாள் வேலை.

11. மாதம் ஒரு தாள்.
வாங்கியது எத்தனை, உச்சத்தில் ஓடியது எத்தனை, காத்திருந்தவர் எத்தனை, அடுத்த 90 நாளில் முடிவது எவை. கீழே உங்கள் பரிந்துரை ஒரு வரி. முதலாளிக்குக் கொடுக்கும் அதே தாளை டிசைன் செக்‌ஷன் பலகையிலும் ஒட்டுங்கள். ஆளுக்கு ஒரு கணக்கு காட்டும் அட்மினை இரண்டு பக்கமும் நம்பாது.