மூடிய ஜாடிக்குள் நகை ஆர்க்கிட்

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் எழுதுவது



ஆர்க்கிட் என்றதும் கல்யாண மேடையில் பார்த்த ஊதாப் பூக்கள்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குடும்பத்தில் பூவுக்காக இல்லாமல் இலைக்காகவே வளர்க்கப்படும் ஒரு கூட்டமும் உண்டு. அவற்றுக்கு ‘ஜுவல் ஆர்க்கிட்’, அதாவது நகை ஆர்க்கிட் என்று பெயர். லுடீசியா டிஸ்கலர் செடியின் இலை கருஞ்சிவப்பு வெல்வெட் மாதிரி இருக்கும். மேலே செம்பு நிறத்தில் ஜரிகைக் கோடுகள் ஓடும். மக்கோடஸ் பெட்டோலாவின் பச்சை இலையில் பொன்னிற வலை பின்னியிருக்கும்.

என் விடுதி அறை மேசையில், மூடிபோட்ட 10 லிட்டர் கண்ணாடி ஜாடிக்குள் இரண்டு வருடமாக ஒரு லுடீசியா வளர்கிறது. அறைக்கு வரும் பசங்க கேட்பது இரண்டே கேள்விகள்தான். “மச்சி, மூடி வச்சா செடி செத்துடாதா?” “தண்ணி எப்ப ஊத்துவ?” இரண்டுக்கும் விடை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ஒரு டாக்டரின் பாட்டில்

1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவருக்கு மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்து வந்தன. ஏறக்குறைய நான்கு வருடம் தண்ணீர் ஊற்றாமலே அவை உயிரோடு இருந்தன. கடைசியில் மூடி துருப்பிடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியதால்தான் அழிந்தன. வறட்சி கொல்லவில்லை, அதிகத் தண்ணீர்தான் கொன்றது. இதை மனதில் வையுங்கள்.

1833-இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து, கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். பல மாதக் கடற்பயணத்தைத் தாண்டி அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. பின்னாளில் சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் இந்த வகைப் பெட்டியில்தான்.

பாடமும் கணக்கும்

மூடிய ஜாடி என்பது தெர்மல் வகுப்பில் படித்த ‘க்ளோஸ்டு சிஸ்டம்’. எல்லையைத் தாண்டி நிறை போகாது. வெப்பமும் வெளிச்சமும் போகும், வரும். பகலில் இலை கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜனை விடுகிறது. இரவில் இலையும், எந்நேரமும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சுவாசித்துக் கரியமில வாயுவைத் திருப்பித் தருகின்றன. அதனால் மூடினால் செடிக்கு மூச்சு முட்டாது.

இனி தண்ணீர்க் கணக்கு. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். நம் ஜாடி 10 லிட்டர், அதாவது கன மீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆக, ஜாடிக்காற்று தாங்குவது வெறும் 0.3 கிராம். 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் 0.23 கிராம். மிச்சம் 0.07 கிராம், ஒன்றரைச் சொட்டு! ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால், சில சொட்டு போக மற்றதெல்லாம் வேரடியில்தான் நிற்கும். வெளியேற வழி ஏது? இந்தச் செடிகள் காட்டில் இலைச்சருகுக்குள் படர்கிறவை. வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தேங்கிய தண்ணீரில் தண்டு அழுகிவிடும்.

செய்முறை

1. அகல வாயுள்ள, நிறமில்லாத கண்ணாடி ஜாடியைக் கழுவிக் காயவையுங்கள்.

2. அடியில் ஒரு அங்குலம் கூழாங்கல். அதன்மேல் ஒரு துண்டு கொசுவலைத் துணி. தண்ணீர் அதிகமானால் கல்லிடுக்கில் கண்ணுக்குத் தெரியும்.

3. அதற்குமேல் தேங்காய் நார்த்துண்டும் கரித்துண்டும் கலந்து இரண்டு அங்குலம். நாரில் உப்பு இருக்கும். நாலைந்து தடவை அலசி, கையால் இறுக்கிப் பிழியுங்கள். ஒரு சொட்டு விழுந்தால் ஈரம் சரி.

4. இரண்டு மூன்று கணுவுள்ள தண்டுத்துண்டை ஒருநாள் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்ததும் படுக்கவைத்துப் பாதி புதையுங்கள். கணுவிலிருந்து வேர் வரும்.

5. தெளிக்க மழைத்தண்ணீர் நல்லது. போர்த்தண்ணீர் கண்ணாடியில் சுண்ணாம்புக் கறை விடும்.

6. 9 வாட் எல்இடி விளக்கு, ஜாடிக்கு வெளியே ஒரு அடி தூரத்தில், தினமும் சுமார் 12 மணி நேரம். நேர் வெயில் கூடவே கூடாது. வெயிலில் கதவடைத்து நிற்கும் காருக்குள் உட்கார்ந்து பாருங்கள், காரணம் புரியும். கோடையில் நான் ஜாடியைத் தரையில் இறக்கிவிடுவேன்.

கண்ணாடியே மீட்டர்

காலையில் ஒருபக்கம் பனித்து, மதியத்துக்குள் தெளிந்தால் எல்லாம் சரி. நாள் முழுக்க மூடுபனி என்றால், ஒருமணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். பல நாள் பனிக்கவே இல்லையென்றால் நாலு தடவை தெளித்தால் போதும். வெள்ளைப் பூஞ்சை வந்தால், பட்ட இலையைச் சாமணத்தால் எடுத்துவிட்டுக் காற்றாட விடுங்கள். தண்டு அழுகினால், நல்ல பகுதியை வெட்டி மறுபடி நடுங்கள்.

காட்டைத் தொடாதீர்கள்

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் அனெக்டோகைலஸ் என்ற நகை ஆர்க்கிட் இனம் உண்டு. இலங்கையில் அதன் உறவுச் செடியைச் சிங்களத்தில் வனராஜா என்பார்கள். “டூர் போறப்ப ரெண்டு பிடுங்கிட்டு வந்துடலாமே” என்று தோன்றும். வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசு மாதிரி. அதற்குள் சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சை உதவினால்தான் முளைக்கும். பிடுங்கிய இடத்தில் இன்னொன்று வரப் பல வருடம் ஆகும்; வராமலும் போகலாம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதன் பன்னாட்டு வாணிபமும் சைட்ஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருப்பது சும்மா இல்லை.

தண்டு வெட்டி நட்டாலே பெருகும் செடிக்கு, காட்டைக் கொள்ளையடிக்க என்ன அவசியம்? நான் நட்ட ஒரே துண்டு இன்று நம் விடுதியில் ஏழு ஜாடிகளில் இருக்கிறது. எட்டாவது உங்களுடையதாக இருக்கட்டும். துண்டு நான் தருகிறேன். ஜாடி மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்!