தேவிகுளம் இடைத்தேர்தல் புகட்டும் பாடம்

பொதுத் தேர்தலைப் பற்றிப் பேசுவோர் பலர்; இடைத்தேர்தலைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலர். "ஓரிடத்துக்கு நடக்கும் தேர்தல்தானே! அதனால் ஆட்சியா மாறிவிடும்?" என்று கேட்பது நம் வழக்கம். ஆனால், ஓர் ஆட்சியின் ஆயுளையே தன் கையில் வைத்திருந்த இடைத்தேர்தல் ஒன்று, தமிழர் மிகுந்து வாழும் எங்கள் எல்லைப்புற மலையிலே நடந்தது. 1958 மே 16-ஆம் நாள் நடைபெற்ற தேவிகுளம் இடைத்தேர்தலே அது. மாணவராகிய நாம் அதனைக் கற்றறிவது நலம்.

இடைத்தேர்தல் ஏன் வருகிறது?

உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ, பதவி விலகினாலோ, அவர் பெற்ற வெற்றி செல்லாதெனத் தீர்ப்பு வந்தாலோ அந்த இடம் காலியாகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்கள் அவையில் உறுப்பினர் நேரே பதவி விலக முடியாது. மன்னரின் கீழ்ப் பெயரளவில் மட்டும் உள்ள ஓர் உத்தியோகத்தை ஏற்று, அதன் விளைவாக இடத்தை இழக்க வேண்டும்! நம் நாட்டில் விலகல் கடிதம் ஏற்கப்பட்டால் போதும். எஞ்சிய பதவிக் காலம் ஓராண்டுக்குக் குறையாதிருப்பின் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது இன்றைய சட்டம். பாலக்காட்டுச் சட்டமன்ற உறுப்பினர் நாடாளுமன்றத்துக்குச் சென்றதால் 2024-இல் அங்கு இடைத்தேர்தல் வந்தது. கல்பாத்தித் தேர்த் திருவிழாவோடு மோதியதால், நவம்பர் 13-க்குக் குறித்திருந்த வாக்குப்பதிவு 20-ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது.

தேவிகுளத்தின் நிலை

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சேர வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியும், அவை கேரளத்திலேயே நின்றன. அந்த மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களிற் பெரும்பாலோர் தமிழர். குடியிருந்ததோ தோட்டத்து லயங்களில். எல்லைக் கோடு எங்கே விழ வேண்டுமென்று அவர்களிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை. ஆனால், ஒன்றரை ஆண்டு கழிந்ததும் அவர்கள் வாக்கைத் தேடி இரு பெருங்கட்சிகளும் மலையேறி வந்தன. ஏன்?

கணக்கு

1957-இல் கேரளச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 126 பேர். அவர்களுள் பொதுவுடைமைக் கட்சியினர் 60; அவர்தம் ஆதரவு பெற்ற சுயேச்சையர் 5. இந்த 65 பேரின் வலிமையில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். எதிரில் இருந்தோர் 61. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். காங்கிரசைச் சேர்ந்த பி. கே. நாயரின் வேட்பு மனு தவறாகத் தள்ளப்பட்டதென்று வழக்கு எழுந்தது. தேர்தல் நடுவர் மன்றம் ரோசம்மாவின் வெற்றி செல்லாதென்றது. தகுதியுள்ள மனு ஒன்று தவறாகத் தள்ளப்பட்டால், அவர் நின்றிருந்தால் வென்றிருப்பாரா என்று சட்டம் கேட்பதில்லை, தேர்தலே செல்லாது.

அந்த ஓரிடம் கைமாறினால் 65 என்பது 64 ஆகும். 61 என்பது 62 ஆகும். பேரவைத் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். இரு பக்கமும் சமமானாலன்றி அவர் வாக்களிப்பதில்லை. ஆகவே, தேர்ந்தெடுக்கப்பட்டோரை மட்டும் எண்ணினால், அரசு ஒரே ஒரு வாக்கின் மீது நிற்க வேண்டியிருந்திருக்கும். பெருங்கூட்டத்தில் சிறு எடை தெரியாது. தட்டுகள் சமமாக நிற்கும்போது சிறு எடையே முடிவு கட்டுகிறது. இடைத்தேர்தலின் பொருள் இதுவே.

தமிழில் வந்த பிரசாரம்

லயத்துத் தொழிலாளியிடம் மலையாளத்தில் மட்டும் பேசினால் பயனில்லை. எனவே தமிழ் மேடைகள் எழுந்தன. தமிழ்ப் பாட்டுகள் ஒலித்தன. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சிக்காக அங்கு பாடினார். அக்காலத்தில்தான் அவருடைய இளைய தம்பியும் அண்ணனோடு மேடையேறிப் பாடத் தொடங்கினார். அந்தச் சிறுவனே பின்னாளில் இளையராஜா. எல்லையை வகுத்தபோது கணக்கில் வராத மொழி, வாக்கை எண்ணும்போது கணக்கில் வந்தது! ரோசம்மா புன்னூஸ் ஏறத்தாழ 7,000 வாக்கு மிகுதியில் பி. கே. நாயரை வென்றார். அரசு பிழைத்தது.

வெற்றிக்குப் பின்

பாடம் இத்துடன் முடிந்ததென்று மகிழலாகாது. அதே ஆண்டு அக்டோபரில் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். போலீசார் சுட்டனர், தொழிலாளர் இருவர் மாண்டனர். எந்த அரசை அம்மலையின் வாக்கு காப்பாற்றியதோ, அதே அரசின் போலீசே சுட்டது. மறு ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்தது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தும் அது நிற்கவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வாக்கு ஓர் அரசை நிறுத்தி வைக்கும். அந்த அரசைக் கண்காணிக்கும் வேலையை வாக்குப் பெட்டி செய்யாது. அதற்குச் சங்கம் வேண்டும், கல்வி வேண்டும், இடைவிடாத விழிப்பு வேண்டும்.

தேவிகுளம் பின்னரும் இப்பாடத்தை நினைவூட்டியது. 2021-இல் அங்கு வென்ற அ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். தனித் தொகுதியில் நிற்கும் தகுதி அவருக்கில்லையென்று 2023-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-இல் உச்சநீதிமன்றம் அதனை மாற்றி, அவர் வெற்றி செல்லும் என்றது. அவருடைய முன்னோர் 1950-க்கு முன்பே அங்கு குடியேறியவர்களா என்பது அவ்வழக்கின் முக்கியக் கேள்விகளுள் ஒன்று. பாட்டன் காலத்துக் காகிதத்தை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்? குடியேறிய குடும்பத்தில் பிறந்த நாம் ஒவ்வொருவரும் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி இது.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே! பதினெட்டு வயது நிரம்பிய நாம் வாக்காளர் பட்டியலில் இருக்கிறோமா? வழக்கமாகக் குடியிருக்கும் இடமே சட்டத்துக்கு வேண்டியது. சொந்த வீடு வேண்டுமென்பதில்லை. லயத்தில் வாழும் தொழிலாளிக்கும், விடுதியில் தங்கிப் பயிலும் மாணவனுக்கும் அங்கேயே பதிவு செய்ய உரிமையுண்டு. ஆனால் ஒருவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம். ஊரிலா, இங்கா என்று எண்ணித் துணிதல் நம் கடமை. வாக்களிக்கும் உரிமையுள்ள நாட்கூலித் தொழிலாளிக்கும் வாக்குப்பதிவு நாளில் கூலியோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இதனை நம்மவர்க்கு எடுத்துரைப்போம்.

அடுத்த தராசு எந்தத் தொகுதியில் தொங்குமோ, எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அது தொங்கும் நாளில் பட்டியலில் பெயரில்லாதவன் எடையில்லாதவன். பெயரைப் பதிவோம், பதிந்தபின் விழித்திருப்போம்!