இணைப்பு எங்கே போகிறது?

(இறுதியாண்டு மாணவன், கணிப்பொறி அறிவியல் துறை)

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். சென்ற கோடை விடுமுறையில் நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் ஒரு நூற்பாலைக்குச் சென்று வந்தேன். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்ஸைத் தோற்றுவித்த பின்னர் அவ்வூரில் எழுந்த ஆலைகள் பல. அவற்றுள் மிகச் சிறிய ஒன்று நான் சென்றது. பெயர் இங்கு வேண்டா. அங்கு என் கையால் நேர்ந்த பிழை ஒன்றைச் சொல்லி, அதன் வழியே கற்ற பாடத்தையும் மாணவ நண்பர்கள்முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆலையின் கணக்குகள் 'பவர் பிஐ' என்னும் மென்பொருளில் இருந்தன. பஞ்சுக் கொள்முதல், கிடங்கு, நூல் விற்பனை ஆகிய அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்தி, 'இருப்பு என்பது வந்ததில் எடுத்ததைக் கழித்தது' என்பன போன்ற விதிகளையும் உடன் கொண்டிருப்பது தரவு மாதிரி. இதனை 2023 வரை 'டேட்டாசெட்' என்றனர். பின்னர் 'செமாண்டிக் மாடல்' என்று பெயர் மாற்றினர். திரையில் நாம் காணும் அறிக்கை வேறு. மாதிரியிலிருந்து பிரித்து எழுதப்பட்ட அறிக்கையில் கணக்கு ஏதும் இராது. எந்த மாதிரியைக் கேட்க வேண்டும் என்ற முகவரி மட்டுமே இருக்கும். இந்த முகவரிதான் இணைப்பு.

மாதிரியை ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தார் பேணினர். அறிக்கைகளை ஆலையிலிருந்தோர் எழுதினர். இரு சாராருக்கும் தனித்தனியே முயற்சி, சோதனை, பயன்பாடு என மும்மூன்று பணிக்களங்கள். நான் அறிக்கையை முயற்சிக் களத்தில் எழுதி, 'டிப்ளாய்மெண்ட் பைப்லைன்' என்னும் வெளியீட்டு வரிசை வழியாகச் சோதனைக்கும், பின்னர்ப் பயன்பாட்டுக்கும் ஏற்றினேன். பொத்தானை அழுத்தினால் பிரதி அடுத்த படிக்குப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்!

பத்து நாள் கழித்துக் கணக்கர் அண்ணாச்சி என்னை அழைத்தார். அறிக்கையில் பஞ்சு இருப்பு 412 பேல். கிடங்கில் எண்ணினால் 362. ஒரு பேல் 170 கிலோ. ஆகவே 8,500 கிலோ பஞ்சைக் காணோம். முதலாளி கிடங்குப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு இருமுறை விசாரித்துவிட்டாராம். அவர் இருபது ஆண்டுகளாக அங்கு வேலை பார்ப்பவர். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

"தம்பி, அந்த ஆளு ஒரு சாக்குத் துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமாட்டாரு. நீங்க கம்ப்யூட்டரை ஒருதடவை பாத்துச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

எண்ணிப் பார்த்தேன். அந்த ஆலையில் நாளொன்றுக்கு 5 பேல் உடைப்பார்கள். அப் பத்து நாளில் புதுக் கொள்முதல் இல்லை. பத்து ஐந்து ஐம்பது! பஞ்சு களவு போகவில்லை. அறிக்கைதான் பத்து நாளுக்கு முந்திய கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது. பயன்பாட்டுக் களத்தில் எது எதனோடு இணைந்துள்ளது என்று காட்டும் 'லீனியேஜ்' படத்தைத் திறந்தேன். அம்புக்குறி அலுவலகத்தின் முயற்சிக் களத்திலிருந்து வந்தது. அங்குள்ள மாதிரியை யாரும் நாள்தோறும் புதுப்பிப்பதில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? வெளியீட்டு வரிசை அறிவற்றதன்று. அறிக்கையும் மாதிரியும் ஒரே வரிசையில் இருந்தால், அறிக்கை மேற்படிக்குச் செல்லும்போது அப்படியிலுள்ள மாதிரியோடு அதனைத் தானே கட்டிவிடும். மாதிரி அங்கு இல்லையெனில் ஏற்றம் தடைப்படும், நாமும் விழித்துக்கொள்வோம். இரண்டும் வெவ்வேறு வரிசைகளில் இருப்பினும், படிகளின் எண்ணிக்கை ஒன்றாயிருந்தால் படிக்குப் படி பொருத்திவிடும். ஆனால் மாதிரியின் களம் எந்த வரிசையிலும் சேராதிருந்தால், பழைய இணைப்பை அப்படியே விட்டுவிடும். அலுவலகத்தார் மாதிரியை எந்த வரிசையிலும் சேர்க்கவில்லை. நான் அதைக் கேட்கவுமில்லை. முயற்சி மாதிரியைக் காணும் உரிமை எல்லோருக்கும் இருந்தமையால் அறிக்கை சிரித்த முகத்தோடு திறந்தது.

இனி, பதிப்புக் காப்பு. லினக்ஸ் கருவின் நிரல்களைப் பேணுவதற்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்பதை வகுப்பில் படித்திருக்கிறோம். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை அது காத்து வைக்கும். பவர் பிஐ அறிக்கையையும் இன்று எழுத்துக் கோப்புகளாகப் பிரித்துக் கிட்டில் வைக்கலாம். அவற்றுள் 'டெஃபினிஷன்' என்னும் சிறு கோப்பில்தான் இணைப்பு உள்ளது. அது இருவகை: பக்கத்துக் கோப்புறையில் உள்ள மாதிரியைச் சுட்டும் பாதை ஒன்று, வேறு களத்து மாதிரியின் முழு முகவரி மற்றொன்று. நம்முடையது இரண்டாவது. என் முதற்பதிவிலேயே 'முயற்சி' என்ற களப்பெயர் பட்டவர்த்தனமாக அவ்வரியில் இருந்தது. கிட் உண்மையைத்தான் எழுதி வைத்திருந்தது, நான் படிக்கவில்லை. வரிசையின்றிக் கிட்டின் கிளைகளை மட்டும் இணைத்து வெளியிடுவோர்க்கு இது இன்னும் பெரிய இடர். கிளையோடு அவ்வரியும் மாறாமல் போய்ச் சேரும். படிக்கேற்ப அதை மாற்றும் சிறு நிரலை அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்று மாலையே முதலாளியிடம் சென்று பிழை என்னுடையது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிடங்குப் பொறுப்பாளரின் வீட்டுக்குப் போனார்.

மறுவாரம் அலுவலகத்தாரும் நானும் அமர்ந்து மாதிரிக்கும் மூன்று படிகள் கொண்ட வரிசை அமைத்தோம். முதலில் மாதிரியை ஏற்றினோம். வரிசை அமைப்பை மட்டுமே கொண்டு செல்லும், தரவைக் கொண்டு செல்லாது. ஆதலால் மேற்படியில் தரவுத்தளத்தின் பெயரை மாற்றும் விதியை இட்டு, மாதிரியைப் புதுப்பித்த பின்னரே அறிக்கையை ஏற்றினோம். படியின் பெயரையும் ஓர் அளவுருவாக மாதிரிக்குள் வைத்து, அதனையும் விதியால் மாற்றி, கடைசியாகப் புதுப்பித்த நாளோடு அறிக்கையின் அடியில் தெரியுமாறு செய்தோம். இந்தக் கடைசி வேலைக்கு ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை.

இப்போது அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலில் பக்கத்தின் அடியைப் பார்க்கிறார். 'பயன்பாடு' என்ற சொல்லும் அன்றைய தேதியும் இருந்தால்தான் பேல் கணக்கின்மேல் கண்ணை வைக்கிறார். கிடங்குப் பொறுப்பாளரோ அறிக்கையைப் பார்ப்பதே இல்லை. காலையில் தாமே எண்ணி நோட்டில் எழுதிக்கொள்கிறார்.