அரிதாளில் உறங்கும் புழு

அறுவடை முடிந்த வயலில் நிற்கும் அரிதாளை வேரோடு பிடுங்கி நீளவாக்கிற் பிளந்து பார்ப்பின், நிலமட்டத்தை ஒட்டிய பகுதியில் அசைவற்ற புழுவொன்று சிலவேளைகளிற் காணப்படும். வெயிலிற் செத்தது என்று பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அது உயிருடன் இருத்தல் கூடும். தண்டு துளைப்பான் இனங்கள் சிலவற்றின் முதிர்ந்த புழுக்கள், ஒவ்வாத மாதங்களை உறங்குநிலையிற் கழிக்கும் இயல்புடையன. இவ்வுறக்கம் சோர்வினால் வருவதன்று. புழுவின் உடலினுள் முன்கூட்டியே நிகழும் இரசாயன மாற்றங்களால் வருவது.

உறங்கவிருக்கும் புழு, கொழுப்புடலம் என்னும் தன் களஞ்சியத்திற் கொழுப்பையும் புரதத்தையும் கிளைக்கோசனையும் நிரப்பிக்கொள்ளும். நெல்மணியில் மாப்பொருள் எவ்வாறோ, விலங்குடலிற் கிளைக்கோசன் அவ்வாறு. பின்னர்ச் சுவாசம் வெகுவாகத் தணியும். உறங்கும் பூச்சிகள் பலவற்றில் ஒட்சிசன் செலவு வழமையில் பத்திலொரு பங்கிற்குங் குறைதல் உண்டு. ஆகவே சிறு சேமிப்பு பல மாதங்களுக்குப் போதுமாகின்றது. கொழுப்பினால் இன்னுமொரு நன்மையும் உண்டு. ஒரு கிராம் கொழுப்பு உடலில் எரியுமிடத்து ஏறத்தாழ 1.07 கிராம் நீர் உண்டாகும். வறட்சியில் உறங்கும் பூச்சிக்கு இது சிறு கிணறு போன்றது.

முதிர்ந்த புழு ஏன் கூட்டுப்புழுவாக மாறாது நிற்கின்றது? கோடிட்ட தண்டு துளைப்பானை ஆராய்ந்த புக்காயா, மிற்சுகாசி என்னும் யப்பானிய அறிஞர்கள், உறங்கும் புழுவில் இளமை ஓமோனைச் சுரக்குஞ் சுரப்பி ஓயாது தொழிற்படுவதை 1950களிலும் 1960களிலும் எடுத்துக்காட்டினர். அவ்வோமோன் மிகுந்திருக்கும் வரை உருமாற்றத்திற்கு வேண்டிய தோலுரி ஓமோன் தடைப்பட்டிருக்கும்.

அந்நாட்டின் மாரியில் இப்புழுவுக்கு உறைபனியும் பகையாகும். குளிர் மிகுமிடத்து ஒரு நொதியம் தூண்டப்பட்டு, கிளைக்கோசன் கிளிசரோலாக மாறி இரத்தத்திற் சேரும். குளிர்நாடுகளில் மோட்டார் வண்டியின் நீர்த்தொட்டியிற் கிளைக்கோல் கலப்பதற்கு இதனை ஒப்பிடலாம். உடல்நீர் உறைந்த போதுங் கலங்கள் சிதையாது காப்பதில் கிளிசரோலுக்குப் பெரும் பங்குண்டு. பட்டுப்பூச்சியின் உறங்கும் முட்டைகளிலும் இத்தகைய மாற்றம் நிகழ்கின்றது. உறக்கம் நீங்கியதும் அப்பொருள் மீண்டுங் கிளைக்கோசனாவதைச் சினோ என்னும் அறிஞர் 1950களின் பிற்பகுதியிற் காட்டினார். சேமித்தது வீணாவதில்லை.

உறைபனி இல்லாத யாவாத் தீவில் வெண் தண்டு துளைப்பான் வறட்காலம் முழுவதையும் அரிதாளின் அடியிற் கழிக்கும். மழைநீர் பட்டதும் உறக்கங் கலைந்து, கூட்டுப்புழுவாகிச் சில வாரங்களில் அந்துப்பூச்சிகளாய்ப் பெருந்திரளாக வெளிவரும். வன் டெர் கூற் என்னும் ஒல்லாந்த ஆய்வாளர் 1925இல் இதனை விரிவாக எழுதி, அவ்வெழுச்சி தணிந்த பின்னரே நாற்றுமேடையில் விதைத்தல் நன்று என்றார். முட்டையிட நெல் கிடையாவிடின் பூச்சி பயனின்றி மடியும். எனினும் 1989–90 மழைக்காலத்தில் மேற்கு யாவாவின் வடகரையோரத்தில் இதே பூச்சி பெருஞ்சேதம் விளைத்தது.

இலங்கை வயல்களில் முதன்மையானது மஞ்சள் தண்டு துளைப்பானாகும். குருத்து மடிதலும் வெண்கதிரும் இதன் வேலையே. இதன் புழுவும் அறுவடையின் பின் தாளின் அடியில் எஞ்சியிருக்கும். வைக்கோலை அகற்றினால் மட்டும் போதாது. தாழ வெட்டினாலும் நிலமட்டத்திற் கிடப்பது வயலிலேயே தங்கிவிடும். வெயிலையும் பட்டினியையுந் தாங்கவல்ல புழுவை வெயிலிடமே ஒப்படைத்தல் பயன் தராது. ஆதலால் அறுவடை முடிந்ததும் தாமதியாது அரிதாளை மடக்கி உழுது, நீர் கிடைக்குமிடத்துச் சில நாட்கள் தேக்கி வைத்தல் வேண்டும். மறுதளிர்ப் பயிரையும் விட்டுவைக்கலாகாது. அயல் வயல்காரரும் அதே வாரத்தில் உழுதாலன்றி ஒருவருடைய முயற்சி அரைகுறையே. எனவே காலபோக விதைப்பு நாளை ஒரே வாய்க்காலின் கமக்காரர் யாவரும் கூட்டத்திற் பேசித் தீர்மானிக்கும்போது, உழவு நாளையும் சேர்த்தே குறித்துக்கொள்க.